இருபத்தெட்டு வீட்டுப் பெரட்டு

துளசி பிறந்தது 1971 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோருக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் நடுவில் இருந்த ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டத்து ஆபீசில் நான் அப்போது கணக்கெழுதும் கிராணி. பிறப்பு, இறப்பு, பேர்ப்பதிவு எல்லாம் என் கையெழுத்தில்தான் ஏறும். பதினாறு வயதில் அவர் பால்மரம் சீவ வந்தபோதும் அவர் பெயரை நான்தான் எழுதினேன். 1999-இல் மரம் சீவுவது நின்றது. 2003-இல் தோட்டம் ஒரு நில நிறுவனத்துக்குக் கைமாறியது. பெரும்பாலோர் புந்தோங்குக்கும் செமோர் தாமான் குடியிருப்புகளுக்கும் போய்விட்டார்கள். போக வழியில்லாதவர்களும் போக மாட்டோம் என்றவர்களுமாக இருபத்தெட்டு குடும்பங்கள் லயங்கள் எனப்படும் பழைய தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே தங்கின. அவர்களுக்குப் பதினோரு வருடங்களாகச் செயலாளர் துளசி.

வேலை, கையுறை ஆலையில். ஓட்டை இருக்கிறதா என்று கையுறைகளுக்குக் காற்றடித்துப் பார்க்கும் பிரிவு. ஒரு ஷிப்டுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. அது முடிந்து வீட்டுக்கு வந்தபின்தான் லயத்து நில வழக்கு, மனு, கூட்டம்.

லயத்தில் கூட்டம் என்றால் இன்றும் பெரட்டுதான். தோட்டக் காலத்தில் விடியற்காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவோமே, அதே முறை. துளசி வீட்டுக்கு ஒருவர் என்று பேர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மனதில் உள்ளதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பேர் வராமல் யாரும் பேசக்கூடாது. பேர் வந்தபின் யாரும் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் கூடாது.

சென்ற ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் துளசி என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே எழுத வருகிறேன். அதற்கு முன் சென்ற பொதுத்தேர்தலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தத் தேர்தலில் எங்கள் சட்டமன்றத் தொகுதியில் மூன்று பேர் நின்றார்கள். ஏழைகளுக்காகவும் எல்லா இனத்துக்காகவும் பேசும் பெரிய கூட்டணியின் வேட்பாளர் ஒருவர். அதற்கு எதிர் அணிக்காரர் ஒருவர். தோட்ட நிலத்தில் கிடங்குகள் கட்டினால் வேலை வரும் என்று மேடை போட்டுச் சொன்னவர். மூன்றாமவர் தனேஸ்வரன். சுயேச்சை, மரம் சின்னம். ஆலைப் பேருந்து ஓட்டுபவர். 2011-இல் லயத்தை இடிக்க இயந்திரம் வந்தபோது அதன் முன்னால் துளசியோடு உட்கார்ந்தவர். இரண்டு பேரும் இரண்டு இரவு லாக்கப்பில் இருந்தார்கள். வழக்குக்கு வக்கீல் தேடித் தந்ததும் அவர்தான்.

எதிர் அணிக்காரர் 7,914. கூட்டணி 7,702. தனேஸ்வரன் 487. கூட்டணி 212 வாக்கில் தோற்றது. வென்றவர் மூன்று வருடத்தில் ஒருமுறைகூட லயத்துப் பக்கம் வரவில்லை.

மரத்தின் பக்கம் நின்றதால் பழி துளசியின் மேல் விழுந்தது. புந்தோங்கில் மாயாண்டி என்று ஒருவர் தேநீர்க்கடை வைத்திருக்கிறார். கூட்டணியின் பழைய ஆள். கோயிலுக்குப் போகும் வழியில் துளசி அந்தக் கடைக்குப் போனால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க வாங்க, வோட்டப் பிரிச்ச அம்மா வாராங்க! தே தாரேயையும் ரெண்டாப் பிரிச்சி ஊத்தட்டுமா?"

"ஊத்துங்கண்ணே. ரெண்டுலயும் சீனி கம்மியா போட்டா சரி."

கடையில் சிரிப்பார்கள். துளசியும் சிரிப்பார். ஆனால் அந்தப் பேச்சு அவரை உறுத்திக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் நான் கூட்டணிக்கு எண்ணும் முகவராக இருந்தவன். 487, 212-ஐவிடப் பெரிது. இதில் என்ன விவாதம் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் அவர் திருப்பிக் கேட்டார். "ஐயா, மரம் நிக்கலன்னா அந்த 487 பேரும் சீட்டுல கூட்டணிக்குத்தான் பங்கா போட்டிருப்பாங்கன்னு உங்க எந்தப் புக்குல இருக்கு?"

எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் முகவர்களுக்குத் தரும் முடிவுப் படிவங்கள் என்னிடம் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிதான் எங்கள் வாக்குச்சாவடி. தோட்டத்தை விட்டுப் போனவர்களின் பெயரும் அங்கேதான். மரம் நிற்காத முந்தைய தேர்தலில் அங்கே பதிவானவர்கள் 842, வந்தவர்கள் 571. மரம் நின்ற தேர்தலில் பதிவு 958, வந்தவர்கள் 703. நூற்றுக்கு 67.8 என்பது 73.4 ஆகியிருந்தது. தொகுதியில் மற்ற ஒன்பது சாவடிகளில் ஏழில் விழுக்காடு இறங்கியிருந்தது. ஏறிய இரண்டும் தனேஸ்வரன் வீடு வீடாகப் போன இடங்கள்.

அதாவது அந்த 487-இல் ஒரு பகுதி, மரம் இல்லையென்றால் வீட்டை விட்டே கிளம்பியிருக்காது. எத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் 'எங்கள் வாக்கைப் பிரித்தார்கள்' என்று நான் சொன்னது தவறு. அதைத் துளசியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சட்டமன்ற உறுப்பினர் காலமானார். இடைத்தேர்தல் வந்தது. செப்டம்பர் 6 வேட்புமனு, 20 வாக்களிப்பு. இருபத்தெட்டு வீடுகளை இடிக்கக்கூடாது என்ற நீதிமன்றத் தடை டிசம்பர் 31-உடன் முடிகிறது. அதற்குள் மாநில அரசு அந்த நிலத்தை ஒதுக்கினால் வீடு இருக்கும், ஒதுக்கவில்லையென்றால் இருக்காது. கிடங்குக்காரர்கள் வென்றால் நடக்காது. கூட்டணி வென்றால் நடக்கலாம். தனேஸ்வரன் வென்றால் நிச்சயம் பாடுபடுவார். ஆனால் அவர் வெல்ல மாட்டார் என்பது அவருக்கே தெரியும். துளசி எங்கே நிற்பது?

ஆகஸ்ட் 31 விடுமுறை. காலை ஏழு மணிக்குப் பெரட்டு வைத்து இரண்டு பேரையும் வரச்சொன்னார். தனேஸ்வரன் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். கூட்டணி வேட்பாளர் ரோஷினி ஏழு ஐந்துக்கு வந்தார். முப்பத்து நான்கு வயதுப் பொறியாளர். செட்டிநாட்டிலிருந்து வந்து ஈப்போவில் தொழில் செய்த குடும்பம். கூடவே மாயாண்டி.

இருபத்தெட்டு பேரும் கூப்பிடப்பட்டு முடிந்ததும் துளசி கடைசியாக இரண்டு பேர் சேர்த்தார்.

"தனேஸ்வரன்!"

"இருக்கேன்."

"ரோஷினி!"

ரோஷினி சுற்றிலும் பார்த்தார். முத்தம்மா என்ற எண்பத்தொரு வயதுக்காரர் அவர் முழங்கையில் தட்டினார். "இருக்கேன்னு சொல்லு புள்ள. இல்லன்னா இன்னைக்கு உனக்குப் பேரு இல்ல."

"இருக்கேன்," என்றார் ரோஷினி. எல்லாரும் சிரித்தார்கள்.

துளசி கேட்டது ஒன்றே ஒன்று. ஜெயித்தால் நூறு நாளுக்குள் இந்த இருபத்தெட்டு வீட்டு நில மனுவை மாநில அரசின் முன் வைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?

தனேஸ்வரன் கையோடு எழுதிக் கொண்டுவந்திருந்தார். ரோஷினி தயங்கினார். "அக்கா, நான் செய்வேன். ஆனா எழுத்துல குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. தலைமைய கேக்கணும்."

மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு எழுத்து? எங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறீங்க? கிடங்கு கட்டுறவனுக்கா? போன தடவ மாதிரி பிரிச்சிக் கெடுத்துடாதீங்க, அவ்ளோதான் லா."

"அண்ணே, உங்க பேரு நான் கூப்பிடல," என்றார் துளசி. பிறகு மடித்து வைத்திருந்த தாளை ரோஷினியிடம் கொடுத்தார். "இது கிராணி ஐயா எழுதின கணக்கு. உங்க கட்சி முகவரேதான் எழுதினாரு. படிங்க. இந்த வோட்டு உங்க வீட்டுல இருந்து யாரும் திருடினது இல்ல. வீட்டுலயே படுத்துக் கெடந்த வோட்டு. தம்பி போயி எழுப்பினாரு. உங்களுக்கு வேணும்னா நீங்களும் வந்து எழுப்புங்க."

ரோஷினி தாளை இரண்டு முறை படித்தார். மாயாண்டி என்னை முறைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6 அன்று எதிர் அணியின் புதிய வேட்பாளரோடு சேர்த்து மூன்று பேரும் மனுச் செய்தார்கள். 11-ஆம் தேதி மாலை ரோஷினி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். கையில் கடிதம். நூறு நாள், இருபத்தெட்டு வீடு, எல்லாம் எழுத்தில். அவர் கையெழுத்துக்குக் கீழே கூட்டணியின் மாவட்டத் தலைவர் கையெழுத்தும் இருந்தது. "மூணு தடவ சண்ட போட்டேன் அக்கா," என்றார். "அந்தத் தாளக் காட்டினேன். அப்பறம்தான் பேனாவ எடுத்தாங்க."

அன்றிரவு தனக்குத் தூக்கமில்லை என்று துளசி பின்னால் சொன்னார். கடிதம் கிடைத்துவிட்டது. இனி வீடு பிழைக்க வேண்டுமானால் ரோஷினி ஜெயிக்க வேண்டும். அப்படியானால் லாக்கப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு எதிராக வாக்குப் போட வேண்டும்.

மறுநாள் மதிய ஷிப்டுக்கு ஆலைப் பேருந்தில் ஏறியதும் துளசி பின்னால் போகாமல் ஓட்டுநர் பக்கத்திலேயே நின்றார். ஓட்டுநர் தனேஸ்வரன். பேருந்தில் பத்தொன்பது பெண்கள். அவர்களில் நான்கு பேர் சொன்னதை ஒப்பிட்டுப் பார்த்து இதை எழுதுகிறேன்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். உக்காந்துதான இருக்க?"

"வண்டி ஓட்டுறவன் நின்னுக்கிட்டா ஓட்டுவான்? சொல்லுங்கக்கா."

"இந்தத் தடவ நான் ரோஷினிக்குப் போடப் போறேன். பின்னாடி யாராச்சும் சொல்லி நீ தெரிஞ்சிக்கக் கூடாது. அதான் நேர்ல சொல்றேன்."

தனேஸ்வரன் கியரைக் குறைத்தார். சமிக்ஞை விளக்கில் வண்டி நின்றது.

"நான் நிக்கலன்னா அந்தக் கடுதாசி வந்திருக்குமாக்கா?"

"வந்திருக்காது. சத்தியமா வந்திருக்காது."

"அப்ப நான் நின்னது தப்பு இல்லதான?"

"நீ நின்னது தப்பு இல்ல. நான் போடாததும் தப்பு இல்ல. ரெண்டும் சரியா இருக்கே, அதுதான்டா தம்பி கஷ்டமா இருக்கு."

பின் இருக்கையிலிருந்து ஒருத்தி கத்தினாள். "அண்ணே, பச்ச விழுந்திருச்சி! வோட்டு அப்பறம் கேளுங்க, எங்களுக்கு லேட்டாவுது!"

வண்டி கிளம்பியது. ஆலை வாசலில் துளசி இறங்கும்போது தனேஸ்வரன் சொன்னார்: "நான் வாபஸ் வாங்க முடியாது. வாங்கவும் மாட்டேன். ஆனா ஒண்ணு, எனக்கு வேல செஞ்ச பிள்ளைங்கள யாரும் ஏசக்கூடாது. அத மட்டும் பாத்துக்குங்க."

அதற்காகத்தான் 14-ஆம் தேதி இரண்டாவது பெரட்டு. துளசி தன் முடிவை எல்லார் முன்னும் சொன்னார். காரணத்தையும் சொன்னார். பிறகு குரலை உயர்த்தினார்: "நான் சொல்றேன்னு யாரும் போட வேணாம். அவங்கவங்க மனசு. ஆனா மரத்துக்குப் போடுறவங்கள யாராச்சும் வோட்டப் பிரிச்சவன்னு சொன்னா, என்கிட்ட வரட்டும். ரெண்டு பேரும் நம்ம பிள்ளைங்க. ரெண்டு பேரையும் நாம கைவிடக் கூடாது."

நல்ல பேச்சு. நான் குறித்து வைத்தேன். அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

செப்டம்பர் 20, சனிக்கிழமை. எட்டு மணிக்குச் சாவடி திறந்தது. புந்தோங்கிலிருந்து ஐந்து வேன்கள் வந்தன. இரண்டு கூட்டணியுடையவை, இரண்டு மரத்துடையவை. ஐந்தாவது துளசி ஏற்பாடு செய்தது. அதில் யார் கொடியும் இல்லை. இங்கே வயதுவாரியாக அறை பிரிப்பார்கள். முதல் அறை மிக மூத்தவர்களுக்கு. என் பெயரும் அங்கேதான். மாலை ஆறுக்குக் கதவை மூடி அங்கேயே எண்ணத் தொடங்கினோம். முதல் அறைக்கு நான் முகவர்.

பெட்டியில் 311 சீட்டுகள். அதிகாரி ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். நாற்பதாவது சீட்டு அளவில் ஒன்றைத் தனியே வைத்து "ரோசாக்" என்றார். கெட்ட வாக்கு. எட்டிப் பார்த்தேன். கூட்டணிக்கு ஒரு பெருக்கல் குறி, மரத்துக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டும் கோடு கோணாமல், கவனமாகப் போட்டவை. கொஞ்ச நேரத்தில் அதேபோல் இன்னொன்று. பிறகு இன்னொன்று. கெட்ட வாக்குகள் மொத்தம் 24. அவற்றில் பதினேழு இப்படி இரண்டு பேருக்கும் போட்டவை.

ரோஷினி 171, எதிர் அணி 62, தனேஸ்வரன் 54. படிவத்தில் கையெழுத்திட்டு ஏழு முப்பத்தைந்துக்கு வெளியே வந்தேன். வாசலில் துளசியும் முத்தம்மாவும் நின்றிருந்தார்கள். மறைப்பதில் அர்த்தமில்லை. சொன்னேன்.

துளசி முத்தம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "பாட்டி, நீங்க எப்பிடிப் போட்டீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஒண்ணு போட்டேன்லா. நீதான சொன்ன, ரெண்டு பேரையும் கைவிடக் கூடாதுன்னு?"

"ஐயோ பாட்டி!"

"ஏன்? அவனுக்குப் போட்டா இவ அழுவா. இவளுக்குப் போட்டா அவன் அழுவான். பக்கத்துல இருந்தவளுக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தேன்."

துளசி கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை; அன்றும் அழவில்லை. கைகளை முழங்காலுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, "பதினேழு, பதினேழு" என்று இரண்டு முறை சொன்னார். பதினேழு வாக்கில் தோற்றால் அந்த வீடுகளை இடித்தது இயந்திரம் ஆகாது, தன் வாய்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மற்றச் சாவடிகளின் எண்கள் ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் வந்தன. நான் கூட்டிக்கொண்டே இருந்தேன். ஆறாவது சாவடியில் நாங்கள் 112 பின்னால். எட்டாவதில் 30 பின்னால்.

எட்டு ஐம்பதுக்குக் கடைசி எண் வந்தது. ரோஷினி 6,488. எதிர் அணி 6,447. தனேஸ்வரன் 296.

"நாப்பத்தொண்ணு," என்றேன். மூன்று தடவை கூட்டிய பிறகே சொன்னேன்.

துளசி எழுந்து முத்தம்மாவைக் கட்டிக்கொண்டார். முத்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பாத்தியா, நான் போட்டது வீண் போகல," என்றார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

தனேஸ்வரன் பேருந்திலிருந்து இறங்கி வந்தார். சோர்ந்த முகம்தான். ஆனாலும் சிரித்தார். "487 இருந்தது 296 ஆயிடுச்சி. என்னக்கா, உங்க ஒரு வோட்டுக்கு இவ்ளோ வெயிட்டா?"

"உன் ஆளுங்க 296 பேரு இருக்காங்கல்ல தம்பி," என்றார் துளசி. "நாப்பத்தொரு வித்தியாசத்துல ஜெயிச்சவங்களுக்கு 296 எவ்ளோ பெருசு தெரியுமா? நாளைக்கு வீட்டுக்கு வாரேன். ஒரு லிஸ்ட்டு போடணும்."

அந்தப் பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது. வாரம் ஒருவர் என்று பதினான்கு பெயர்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒருவர் கடிதத்தின் நகலோடு ரோஷினியின் சேவை மையத்துக்குப் போய், "எந்த நிலையில இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டும். சண்டை கூடாது, ஒரு திங்கள்கூடத் தவறக்கூடாது. ஏழு பெயர் மரத்துக்காரர்கள், ஏழு பெயர் ரோஷினிக்குப் போட்டவர்கள். முதல் பெயர் தனேஸ்வரன். பத்தாவது, நான். நான் போன அன்று ரோஷினி எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஐயா, கனவுல கூட திங்கட்கிழமை வருது," என்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் பதில் இருந்தது. இந்த மனு இந்த மேசையில், இந்த வரைபடம் இன்னும் வரவில்லை என்று ஏதாவது ஒன்று.

எண்பத்தொன்றாம் நாள், டிசம்பர் 10, மனு மாநில அரசின் முன் வைக்கப்பட்டது. 18-ஆம் தேதி ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. மாயாண்டி அன்று தன் கடையில் துளசிக்குத் தேநீர் கொடுத்து, "பிரிச்சி ஊத்தல," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

இந்த ஆண்டு ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு நில அளவையாளர்கள் வந்தார்கள். சிவப்பு நுனி வைத்த குச்சிகளை நட்டுக்கொண்டே போனார்கள். பதினொன்றரை மணிக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. வரைபடக் கோட்டின்படி கிழக்கு ஓரத்து மூன்று வீடுகள் எல்லைக்கு வெளியே விழுகின்றன. தனேஸ்வரன் அளவையாளரோடு வரைபடத்தை விரித்துப் பேச ஆரம்பித்தார். ரோஷினி நில அலுவலகத்துக்குப் போன் போட்டார். அந்த மூன்று வீட்டுக்காரர்கள் துளசியைச் சுற்றி நின்றார்கள்.

"இருபத்தஞ்சு வீடு நின்னிருச்சி," என்றார் துளசி அவர்களிடம். "மூணுதான் பாக்கி. நாலு மாசத்துக்கு முன்னாடி இருபத்தெட்டும் பாக்கி."

பையிலிருந்து நோட்டை எடுத்துப் புதிய பக்கம் திருப்பினார். மேலே அடுத்த திங்களின் தேதியை எழுதினார், ஜனவரி 26. அதன் எதிரே முதல் பெயராகத் தன் பெயரை எழுதிவிட்டு, மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பேருந்து நிற்கும் சாலைப் பக்கம் நடந்தார். தனேஸ்வரன் வரைபடத்தை ரோஷினி கையில் கொடுத்துவிட்டு, வண்டி எடுக்க அவர் பின்னால் ஓடினார்.